இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? பெண்களுக்கான இடுப்புத் தளப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

அம்மாப்பேட்டையில் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்கிறவர், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்திருப்பவர், ஏற்காட்டில் இடுப்பில் பை கட்டிக் காப்பிப் பழம் பறிக்கிறவர் என்று யாராக இருந்தாலும், பிசியோதெரபிக்கு வரும்போது முதலில் சொல்வது முதுகுவலியை. எல்லாம் பேசி முடித்து, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் தயங்கித் தயங்கி அடுத்தது வரும்: "இன்னொண்ணு மேடம்... இருமினா கொஞ்சம் யூரின் வந்துடுது. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே?"

நிறையப் பேருக்கு வருகிறது என்பது உண்மை. அதனால் பொறுத்துக்கொண்டே வாழவேண்டும் என்பது உண்மையல்ல. பெண்களுக்கு வரும் சிறுநீர்க் கசிவில் பெரும்பகுதி தசை சம்பந்தப்பட்டது. தசை என்றால் பழக்கினால் பலப்படும், அறுபது வயதிலும் பலப்படும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பில், இருமல் தும்மலின்போது கசிவு உள்ள பெண்களில் இந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் சுமார் 56 சதவீதத்தினர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்தான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, காசும் இல்லை. சரியான தசையைக் கண்டுபிடிக்க வேண்டும், விடாமல் மூன்று மாதம் செய்ய வேண்டும். பலர் தோற்பது இந்த இரண்டில்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் தருகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை, ஒரு தூளி கட்டியதுபோல அடுக்கடுக்காகத் தசைகள் இருக்கின்றன. இவைதான் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இவைதான். சிறுநீர்க்குழாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இந்தத் தசைகளின் நடுவே வழி எடுத்துத்தான் வெளியே வருகின்றன.

நீங்கள் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சிறுநீர்ப்பையைக் கீழே தள்ளும். அந்த நொடியில் தசைகள் இறுகிச் சிறுநீர்க்குழாயை மூடவேண்டும். தசை தளர்ந்திருந்தாலோ, இறுகுவதற்குத் தாமதமானாலோ சொட்டு விழுகிறது. தளர்வதற்குக் காரணங்கள் பல. சுகப்பிரசவத்தில் தசை பல மடங்கு விரிந்து கொடுக்கிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமும், எடை அதிகமான குழந்தையும் அதை இன்னும் பாதிக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடமே மெலிகிறது. உடல் பருமன், தீராத இருமல், வருடக்கணக்காக முக்கி மலம் கழிப்பது, தினமும் பாரம் தூக்குவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. சிசேரியன் ஆனவர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். பத்து மாதம் சுமந்த பாரமும் அந்தத் தசைமேல்தான் இருந்தது.

இந்தப் பயிற்சியை 1948-இல் மருத்துவ உலகுக்கு முறையாக எழுதிக் காட்டியவர் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். அதனால்தான் இன்றும் இதைக் கெகல் பயிற்சி என்கிறார்கள்.

முதலில்: உங்களுக்கு இருப்பது எந்த வகை?

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, ஓடுவது, மேட்டிலிருந்து சரிவில் இறங்குவது. இந்த நேரங்களில் மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. இடுப்புத் தளப் பயிற்சி நேரடியாகப் பேசுவது இதனோடுதான்.

திடீரென்று அடக்கமுடியாத உந்துதல் வந்து, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கசிந்தால் அது அவசரக் கசிவு. வீட்டுக் கதவில் சாவி போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போது முட்டிக்கொண்டு வரும். இங்கே சிறுநீர்ப்பையே நேரம் காலம் இல்லாமல் சுருங்குகிறது. தசைப் பயிற்சியோடு, சிறுநீர்ப்பையைப் பழக்குவதும் வேண்டும். இரண்டும் கலந்து இருப்பவர்களும் அதிகம். அவர்கள் தங்களை எது அதிகம் தொந்தரவு செய்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்து, சிறுநீர் முழுதாகப் போன உணர்வே இல்லாமல் சொட்டுச்சொட்டாக வடிந்துகொண்டே இருந்தால் கதை வேறு. அது நிரம்பி வழிவதாக இருக்கலாம். பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

இவை இருந்தாலும் முதலில் டாக்டர்தான்: சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் வரவே மறுப்பது, பிறப்புறுப்பில் ஏதோ சதை வெளியே தட்டுப்படுவது ("அடி இறங்கியிருக்கு" என்று பெண்கள் சொல்வது), பிரசவத்துக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பிறகு இரவு பகலாக ஓயாமல் வடிவது. தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போய், கால் வலுவிழந்து, சிறுநீர் கட்டுப்பாடும் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். அது முதுகுத்தண்டு நரம்பு அழுந்துவதன் அடையாளம். தாமதித்தால் திரும்பச் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

மூன்று நாள் கணக்கு

பயிற்சி தொடங்கும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை டம்ளர், எப்போது சிறுநீர் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். முடிந்தால் பழைய அளவுக் குவளை ஒன்றைப் பாத்ரூமிலேயே வைத்து எவ்வளவு போகிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். ஒரு நாள் வேலை நாளாகவும், ஒரு நாள் வீட்டில் இருக்கும் நாளாகவும் இருக்கட்டும்.

சாதாரணமாகப் பகலில் ஆறிலிருந்து எட்டு முறை, இரவில் பூஜ்யம் அல்லது ஒரு முறை, ஒரு தடவைக்கு 300 முதல் 500 மி.லி. வரை போகும். உங்கள் கணக்கில் மணிக்கொரு தடவை, ஒவ்வொரு தடவையும் 100 மி.லி. என்று இருந்தால் பை நிரம்பாமலே போய்வருகிறீர்கள் என்று அர்த்தம். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் அதிகமாகப் போவது இயல்பு, குளிர் உடம்பு அதிகச் சிறுநீர் உண்டாக்கும். அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் தெரிவது இதோடு ஒப்பிட்டால்தான்.

சரியான தசையைக் கண்டுபிடிப்பது

அவசரப்படாமல் செய்யவேண்டிய படி இது. வாயால் சொல்லிக் கேட்டுச் செய்கிறவர்களில் கணிசமானவர்கள் வேறு தசையை இறுக்குகிறார்கள். சிலர் உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். முக்கினால் பலன் இல்லை என்பது மட்டுமல்ல, இருக்கும் பலவீனம் அதிகமாகும்.

சிறுநீர் போய்விட்டு, பாயில் மல்லாந்து படுங்கள். முழங்கால் இரண்டையும் மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். தலைக்கு ஒரு தலையணை. வயிறு, தொடை, பின்புறம் எல்லாவற்றையும் தளர விடுங்கள். இரண்டு மூன்று முறை மெதுவாக மூச்சு இழுத்து விடுங்கள்.

இப்போது நாலு பேர் இருக்கும் இடத்தில் காற்றுப் பிரியப் போகிறது, அடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆசனவாயைச் சுருக்கி உள்ளே இழுங்கள். அந்த இழுப்பை விடாமல், சிறுநீரை அடக்குவது போல முன்பக்கத்தையும் சேர்த்துச் சுருக்குங்கள். இரண்டும் சேர்ந்து மேல்நோக்கி, தொப்புளை நோக்கி ஏறவேண்டும். பிறகு முழுதாக விடுங்கள். விடும்போது ஏதோ இறங்குவது தெரிந்தால் சரியான தசையைப் பிடித்துவிட்டீர்கள்.

சந்தேகமாக இருந்தால் சோதிக்க மூன்று வழிகள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள்: இறுக்கும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடம் உள்ளே போகவேண்டும். வெளியே பிதுங்கினால் முக்குகிறீர்கள். இரண்டாவது, கையை நன்றாகக் கழுவி, சுத்தமான விரல் ஒன்றைப் பிறப்புறுப்பில் சிறிது விட்டு இறுக்கிப் பாருங்கள்: விரலைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுப்பது தெரியவேண்டும். நம் உடம்பு, நம் கை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால், கெட்டியாகச் சுருட்டிய துண்டை நாற்காலியில் நீளவாக்கில் வைத்து அதன்மேல் உட்காருங்கள். இறுக்கும்போது அந்த இடம் துண்டிலிருந்து லேசாக எழுவது புரியும்.

ஒரு கையை வயிற்றிலும், இன்னொன்றைப் பின்புறத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே லேசான இறுக்கம் இருக்கலாம். மேல்வயிறு கல்லாகிறதா, பின்புறம் இறுகி இடுப்பே எழும்புகிறதா, தொடைகள் ஒட்டுகின்றனவா, பல்லைக் கடிக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் இழுக்கும் பலத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் மூச்சு தானாகப் போகும்.

சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுங்கள் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் பழக்கம் கெடும், மிச்சம் தங்கினால் தொற்று வரும்.

ஒரு வாரம் முயன்றும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்களிடம் குறையில்லை. மகளிர் நோய் மருத்துவரோ இந்தப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டோ பரிசோதித்துக் காட்டினால் ஒரே நாளில் பிடிபடும்.

உங்கள் தொடக்க அளவு

எல்லாருக்கும் பத்து நொடி, பத்து முறை என்று எழுதிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மூன்று நொடி பிடிக்க முடிகிறவர் பத்துக்கு முயன்றால், மீதி ஏழு நொடியும் பின்புறத்தைத்தான் இறுக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு முறை இறுக்கி, தளராமல் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். நான்கு என்றால் உங்கள் அளவு நான்கு. நான்கு நொடி ஓய்வு விட்டு மீண்டும் செய்யுங்கள். இப்படி எத்தனை முறை அதே பலத்தில் செய்ய முடிகிறது? ஐந்து என்றால் ஐந்து. அடுத்து, ஒரு நொடி இறுக்கி உடனே விடும் வேக இறுக்கம் எத்தனை முடிகிறது என்றும் பாருங்கள். மூன்று எண்களையும் நோட்டில் எழுதுங்கள். அங்கிருந்துதான் தொடக்கம்.

பன்னிரண்டு வாரம்

ஒரு வேளைக்கு இரண்டு பகுதி. முதலில் மெதுவான இறுக்கம்: உங்கள் அளவுக்கு நொடிகள் பிடித்து, அதே நேரம் ஓய்வு கொடுத்து, எட்டு முறையை நோக்கி. பிறகு வேக இறுக்கம்: ஒரு நொடி இறுக்கி, முழுதாக விட்டு, எட்டிலிருந்து பத்து முறை. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். மெதுவானது தாங்கும் பலத்துக்கு, வேகமானது இருமலைப் பிடிக்கும் சுறுசுறுப்புக்கு. இரண்டில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். தளர விடுவதும் இறுக்குவது அளவுக்கு முக்கியம். விடாமல் இறுகியே இருக்கும் தசை சீக்கிரம் களைத்துவிடும்.

முதல் இரண்டு வாரம் படுத்தே செய்யுங்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் உட்கார்ந்து: முதுகை நிமிர்த்தி, பாதம் இரண்டும் தரையில். தறியில் இருக்கிறவர்கள் தார் மாற்றும் இடைவெளியில் ஒரு சுற்று முடிக்கலாம். கொலுசு வேலை செய்கிறவர்கள் சம்மணம் போட்ட நிலையிலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வாரத்திலிருந்து நின்றுகொண்டு. நின்றால் பாரம் நேராக இறங்குவதால் முதல் சில நாள் பிடிக்கும் நொடிகள் குறையும். பலம் குறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு நொடி கூட்டிப் பாருங்கள். பத்து நொடி வந்துவிட்டால் அதற்குமேல் நொடி கூட்டவேண்டாம், இறுக்கத்தின் பலத்தைக் கூட்டுங்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து அசைவோடு சேருங்கள்: நாற்காலியிலிருந்து எழும்போது, மாடிப்படி ஏறும்போது, அரிசி மூட்டையை நகர்த்தும்போது.

முதல் மாதத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். தசைக்குள் மாற்றம் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். "பத்து நாள் செஞ்சேன் மேடம், ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. பலன் வருகிற வாசலில் நின்று திரும்பிப் போகிறார்கள். மறந்துபோகாமல் இருக்க, ஏற்கெனவே தினம் செய்யும் வேலையோடு கட்டிவிடுங்கள்: காலை பால் காயும் நேரம், மதியம் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஓய்வு, இரவு படுக்கையில். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை சாதாரணமாகச் செய்யுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். அளவுக்கு மீறினால் தசை களைத்து அன்று மாலை கசிவு கூடும்.

இருமுவதற்கு முன் ஒரு நொடி

பன்னிரண்டு வாரம் காத்திருக்காமல் முதல் வாரமே பயன் தரக்கூடியது இது. இருமல், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் தசையை இறுக்கி உள்ளே இழுத்து, இருமி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு, பிறகு விடுங்கள். 1998-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இதைச் சொல்லிக்கொடுத்த ஒரே வாரத்தில் பெண்களுக்கு இருமல் கசிவு வெகுவாகக் குறைந்தது தெரிந்தது.

முதலில் பொய்யாக இருமிப் பழகுங்கள்: இறுக்கு, இருமு, விடு. ஒரு நாளைக்குப் பத்து முறை செய்தால் உடம்பு தானாகப் பிடித்துக்கொள்ளும். குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது, காப்பி மூட்டையைத் தூக்கும்போது இதே கணக்கு: முதலில் இறுக்கு, மூச்சை விட்டபடி தூக்கு. மூச்சை அடக்கி "ம்ம்" என்று தம் பிடித்துத் தூக்கினால் அத்தனை அழுத்தமும் கீழேதான் இறங்கும். எஸ்டேட் சரிவில் இறங்கும்போது கசிகிறவர்கள் காலடிகளைச் சிறிதாக்கி, உடம்பைக் குதிகாலில் தடால் தடாலென்று விழவிடாமல் இறங்குங்கள். வழுக்கும் இடத்துக்கு முன் ஒரு இறுக்கம்.

அவசரமாக முட்டிக்கொண்டு வந்தால்

ஓடாதீர்கள். ஓடினால் வயிற்று அழுத்தமும் பதற்றமும் சேர்ந்து வழியிலேயே கசியும். இருந்த இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு வேக இறுக்கம் கொடுங்கள். இந்தத் தசை இறுகும்போது சிறுநீர்ப்பைக்குச் "சுருங்காதே" என்ற செய்தி நரம்பு வழியே போகிறது. மெதுவாக மூச்சு விட்டு, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுங்கள். அலை தணிந்ததும் சாதாரணமாக நடந்து போங்கள்.

அதோடு இடைவெளியைக் கூட்டவேண்டும். உங்கள் நோட்டில் மணிக்கொரு தடவை என்றிருந்தால் இந்த வாரம் ஒன்றேகால் மணி, அது பழகியதும் ஒன்றரை மணி. இப்படி இரண்டரை, மூன்று மணி நேரம் வரை கொண்டு வரலாம். ஆறு வாரமாவது வேண்டும். "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று வராமலே போகும் பழக்கம்தான் சிறுநீர்ப்பையைச் சிறுபிள்ளையாக்குகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் போகுமுன் ஒரு தடவை போவது நியாயம். வீட்டில் டிவி பார்க்கும்போது அரை மணிக்கொரு தடவை எழுந்து போவது வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கசிவுக்குப் பயந்து நம் பெண்கள் எடுக்கும் முதல் முடிவு தண்ணீரை நிறுத்துவது. காப்பித் தோட்டத்தில் கழிப்பறை கிடையாது, ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கவேண்டும், ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்கவேண்டும். காரணங்கள் புரிகின்றன. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாதது அவர்கள் உடம்பைக் கெடுக்கும் விஷயம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், உந்துதல் அதிகமாகும், தொற்றும் மலச்சிக்கலும் வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். சேலத்து மே மாத வெயிலில் வேலை என்றால் இன்னும் அதிகம். ஒரே மூச்சில் சொம்பு நிறையக் குடிக்காமல், மணிக்கு அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

காப்பி விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் காப்பியும் டீயும் அவசர உந்துதலைக் கூட்டுகின்றன. நாலு டம்ளர் குடிக்கிறவர்கள் இரண்டு வாரத்தில் இரண்டுக்கு வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரவில் எழுந்து எழுந்து போகிறவர்கள் படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிப்பதை முடித்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கலைத் தீர்க்காமல் இந்தப் பயிற்சி பாதிப் பலன்தான் தரும். ராகிக் களி, கீரை, கொய்யா, வாழைப்பழம் என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு குட்டி முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தினால் முக்க வேண்டியிருக்காது. பொதுக் கழிப்பறையில் தொடாமல் அரைகுறையாகக் குனிந்து சிறுநீர் போனால் தசை தளராமல் மிச்சம் தங்கும். நன்றாகக் குந்தியோ உட்கார்ந்தோ போங்கள்.

பஞ்சுத் தூசி, அடுப்புப் புகையால் தீராத இருமல் இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். எனலாபிரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவசரம் கூடும். நீங்களாக நிறுத்திவிடாமல், "இதை மாத்த முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எடை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஒல்லியாக வேண்டியதில்லை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உடல் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரக் கசிவு எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியானது. எண்பது கிலோ இருப்பவர் ஆறேழு கிலோ குறைப்பது.

பிரசவமானவர்கள், மாதவிடாய் நின்றவர்கள்

கர்ப்பமாக இருக்கும்போதே இந்தப் பயிற்சியைச் செய்யலாம், செய்தால் பிந்தைய மாதங்களில் கசிவு குறையும். டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரசவத்துக்குப் பின், சிறுநீர் போக டியூப் வைத்திருந்தால் அதை எடுத்து, சாதாரணமாகச் சிறுநீர் போக ஆரம்பித்ததும் வலிக்காத அளவில் மெல்லத் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், ரத்த ஓட்டம் கூடித் தையல் ஆறத்தான் உதவும். ஆசனவாய்வரை கிழிசல் ஆகித் தைத்திருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். தொப்பை குறைய வேண்டும் என்று வயிற்றில் சேலையை இறுக்கிக் கட்டுவது கீழ்நோக்கி அழுத்தம் தரும், அதைத் தவிர்க்கலாம். கசிவு நிற்கும்வரை, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளும் குதிப்பதும் வேண்டாம்.

மாதவிடாய் நின்றபின் வறட்சி, எரிச்சலோடு கசிவும் இருந்தால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும். அதை டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

அடிவயிற்றில் நெடுநாள் வலி, தாம்பத்தியத்தின்போது வலி, சிறுநீர் தொடங்கவே சிரமம் என்று இருப்பவர்களுக்குத் தசை தளராமல் இறுகிப் போயிருக்கலாம். அவர்கள் இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடும். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி, அதையும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இடைக்காலத்தில் துணி வைக்கிறவர்கள் பருத்தித் துணியை அடிக்கடி மாற்றி, நன்றாகத் துவைத்து நேர் வெயிலில் காயவையுங்கள். மாதவிடாய் நாப்கின் சிறுநீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஈரத்தில் தோல் புண்ணாகும். சிறுநீருக்கென்றே வரும் பேட் மருந்துக் கடையில் கிடைக்கிறது. உள்ளே வைக்கும் எடைகள், மின்சாரக் கருவிகள் என்று ஆன்லைனில் விற்பதை இப்போது வாங்க வேண்டாம். தசையைத் தானாக இறுக்க முடிகிறவருக்கு அவை தேவையில்லை.

மூன்று மாதம் கழித்து

மீண்டும் மூன்று நாள் கணக்கு எழுதிப் பழையதோடு ஒப்பிடுங்கள். கசிவு நின்றிருந்தால் தினம் ஒரு வேளை என்று குறைத்துக்கொண்டு, தொடர்ந்து செய்யுங்கள். விட்டுவிட்டால் தசை மறுபடி தளரும். பாதி குறைந்திருந்தால் இன்னும் மூன்று மாதம். ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் அடுத்த வழிகள் உண்டு: அவசரக் கசிவுக்கு மாத்திரைகள், அடி இறங்கியவர்களுக்கு உள்ளே பொருத்தும் வளையம், அழுத்தக் கசிவுக்குச் சிறுநீர்க்குழாயைத் தாங்கும் சிறு ஆபரேஷன்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் காட்டலாம். ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். நடமாட முடியாத வயதான அம்மாக்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதுகுவலியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "எனக்கு இருமினா யூரின் கசியுது, இத்தனை மாசமா இருக்கு, ஒரு நாளைக்கு இத்தனை தடவை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். மூன்று நாள் நோட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், பிரசவம், ஆபரேஷன் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.